அழும்போது கதவைத் திறக்கக் கூடாது

பக் நாய்க்குட்டி குறட்டை விடும் என்று வாங்கும்போது எங்களிடம் யாரும் சொல்லவில்லை, ஐயா. இரண்டு கையில் அடங்குகிற உடம்பு. அதிலிருந்து வரும் சத்தமோ, சரக்கு லாரி மேடு ஏறுகிற மாதிரி இருக்கும். முதல் முறையாக நாய் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் யாராவது உங்களிடம் கேட்டால் இதைச் சொல்லி வையுங்கள். மூக்கு சப்பை, அதனால் மூச்சு திணறும், சூடு ஆகவே ஆகாது. முகத்தைப் பார்த்தால் குடும்பக் கவலை எல்லாம் அதன் தலையில்தான் என்று தோன்றும். ஒரு கவலையும் கிடையாது, அடுத்த வேளைச் சாப்பாட்டைத் தவிர.

எங்களிடம் என்றால் என்னிடமும் என் அண்ணனிடமும். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அண்ணன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். ஒரு குரல் கொடுத்தால் மைதானத்தின் கோடியில் ஓடுகிறவனும் நின்றுவிடுவான். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு அவ்வளவு பெரிய குரலில் ஒரே ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது. ‘வா.’ தாகம் என்றாலும் வா, வலி என்றாலும் வா, டிவியில் ஆட்டம் சூடு பிடித்தாலும் வா. சொன்ன பிறகு, தான் சொல்ல வந்தது அது இல்லை என்று அவருக்கே தெரிந்து முகம் சுருங்கும். எனக்கு அதைப் பார்க்கத் தாங்காது.

குட்டி வாங்கச் சொன்னது அவருக்கு உடற்பயிற்சி சொல்லித்தர வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்த பெண். “வீட்ல ஒரு நாய்க்குட்டி இருந்தா அவருக்குத் துணையா இருக்கும் சார். அதைத் தடவிக் குடுக்கறதே கைக்கு நல்ல பயிற்சிதானே” என்றாள். சரியாகத்தான் சொன்னாள். குட்டியைக் கொண்டுவந்து அண்ணன் மடியில் வைத்த அன்று அவர் ‘வா, வா’ என்று சிரித்தார். ‘வா’ என்றால் வரவேண்டும் என்பதை அது அவரிடம்தான் கற்றுக்கொண்டது. நான் கூப்பிட்டால் யோசித்துத்தான் வரும். அவர் கூப்பிட்டால் விழுந்தடித்துக்கொண்டு ஓடும்.

எனக்கு வேலை ஒரு சலவைக் கடையில். துணியை வாங்கி, கறையைப் பார்த்து, அது எதனால் பட்டது என்று கேட்டு, அடையாளச் சீட்டைக் குத்தி உள்ளே அனுப்ப வேண்டும். டீ என்பார்கள், டீயாக இருக்காது. மனிதர்கள் கறையைப் பற்றி மட்டும் பொய் சொல்லாமல் இருந்தால் என் வேலை பாதியாகக் குறைந்திருக்கும். நாள் முழுக்க ஊரார் கறையோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே இரண்டு பேர் எனக்காக நனைத்து வைத்திருப்பார்கள். குட்டி மிதியடியை, திரைச்சீலை நுனியை, என் செருப்பை. அண்ணன் சோபாவை, மெத்தையை. டயாப்பர் கட்டிப் பார்த்தேன். நல்லாயிருக்கிற இடது கையால் அவிழ்த்து எறிந்துவிடுவார். ஒரு சாயங்காலம் இரண்டையும் துடைத்து முடித்துத் திரும்பினால் முதலில் துடைத்த இடம் மறுபடி ஈரம். சமையலறையில் உட்கார்ந்து, இந்த வயதில், வாய்விட்டு அழுதேன். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளும் இல்லை.

அதன் பிறகுதான் மாஸ்டர் வந்தார். நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பவரை எங்கள் தெருவில் எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப்பை நிறைய பிஸ்கெட் துண்டுகள், பொறுமையான மனிதர்.

“அடிக்கவே கூடாது சார். மூக்கைப் புடிச்சு ஈரத்துல தேய்க்கற வேலையெல்லாம் வேணாம். அது தப்பு பண்ணல. நேரத்துக்கு வெளிய கூட்டிட்டுப் போகாத நம்ம தப்பு அது” என்றார். சாப்பிட்டவுடன், தூங்கி எழுந்தவுடன், விளையாடி முடித்தவுடன் வெளியே கொண்டுபோக வேண்டும். சரியான இடத்தில் போனால் அந்த நொடியே பாராட்டி ஒரு துண்டு பிஸ்கெட் கொடுக்க வேண்டும். வீடு முழுக்க அலைய விடாமல், கம்பித் தடுப்பு போட்டுச் சின்ன இடத்தில் வைக்க வேண்டும். படுக்கிற இடத்தை எந்தக் குட்டியும் அசிங்கம் பண்ணிக்கொள்ளாது. படுக்கப் போகும் முன்பு தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடலாம். இதெல்லாம்கூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவர் கடைசியாகச் சொன்னதுதான் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது.

“தடுப்புக்குள்ள விட்டா அழும் சார். மனசு கேக்காது. ஆனா அழும்போது மட்டும் திறந்துடாதீங்க. அழுதா கதவு திறக்கும்னு கத்துக்கும். அழுகை நின்னு, கொஞ்ச நேரம் அமைதியா இருக்கட்டும். அப்புறம் திறங்க.”

சொன்னபடியே செய்தேன், ஒரு எழுத்து பிசகவில்லை. பலித்தது. ஒரு நாள் காலையில் குட்டி தானாகவே வாசல் கதவுக்குப் போய் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்துச் செருமியது. நானே பரீட்சையில் தேறிய மாதிரி குதித்தேன். வெளியே கொண்டுபோய், பாராட்டி, பிஸ்கெட் கொடுத்து உள்ளே வந்தேன். அண்ணன் நாற்காலியில் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தார். என் ஒரு கையில் பிஸ்கெட் பாக்கெட், இன்னொரு கையில் துடைக்கிற துணி. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கெட்ட எண்ணத்தோடு அது வரவில்லை, ஐயா. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

சின்ன வயதில் நானும் படுக்கையை நனைக்கிறவன்தான். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. யாரும் எழுவதற்கு முன்பே அண்ணன் விரிப்பை உருவி அலசிக் காயப்போட்டு, எனக்குத் தன் டவுசரை மாட்டிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி பல் தேய்க்கப் போய்விடுவார். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. ஒரு வார்த்தை கடிந்துகொண்டது இல்லை. இப்போது யோசித்துப் பார்த்தால், அதனால்தான் எனக்குப் பழக அவ்வளவு நாளாயிற்று என்று தோன்றுகிறது. முறை என்று எதுவும் அவரிடம் இருக்கவில்லை. பாசம் மட்டும்தான் இருந்தது.

நான் முறையாக ஆரம்பித்தேன். சாப்பிட்டவுடன், தூங்கி எழுந்தவுடன் கழிவறைக்குக் கூட்டிப் போனேன். சரியாகப் போனால் ‘சபாஷ்’ என்று சொல்லி அவருக்குப் பிடித்த கிரீம் பிஸ்கெட்டைக் கொடுத்தேன். முதல் தடவை வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தார். அடுத்த தடவை அதைக் கீழே போட்டுவிட்டார். குட்டி வந்து தின்றுவிட்டுப் போனது. பசி இருந்தால்தான் பிஸ்கெட்டுக்கு மதிப்பு என்று மாஸ்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. சாப்பாட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன். வாங்கிக்கொண்டார். சாப்பிடும்போது அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்கு அழுகை தானாக வரும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.

பிறகு இடத்தைச் சுருக்கினேன். குளியலறைக்குப் பக்கத்தில் பழைய சாமான் போட்டு வைக்கிற அறை ஒன்று இருந்தது. டைல்ஸ் தரை, கழுவ வசதி. அவருடைய கட்டிலை அங்கே மாற்றினேன். அவர் பிடித்து நடக்கிற வாக்கரை வெளியே எடுத்து வைத்தேன், அது இருந்தால் வீடெல்லாம் அலைவார். கதவுக்கு வெளித் தாழ்ப்பாள் போட்டேன். உடற்பயிற்சிப் பெண்ணுக்கு போன் செய்து, அண்ணனைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன் என்று சொன்னேன். நடுவில் ஒருத்தர் வந்து கொஞ்சினால் பயிற்சி கெட்டுவிடும்.

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் ஒரு நாள் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார். “என்னப்பா, உங்கண்ணன் சத்தமே காணோம்?”

“இப்பல்லாம் நல்லா தூங்குறாருக்கா.”

“உன்னை மாதிரி ஒரு தம்பி கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும். என் கூடப் பொறந்ததுங்களும் இருக்குதே, எட்டிப் பாக்குறதில்ல” என்றார். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. யாராவது ஒருவர் பார்த்துச் சொல்ல மாட்டார்களா என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன்.

அண்ணன் உள்ளே இருந்து கூப்பிடத்தான் செய்தார். வா, வா, வா. குரல் கம்மிய பிறகு இடது கையால் சுவரைத் தட்டுவார். நான் நாற்காலியை அறைக்கு வெளியே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். குட்டிதான் சொன்ன பேச்சு கேட்காது. அவர் கூப்பிடக் கூப்பிடக் கதவைப் பிறாண்டும். அதைத் தூக்கி வந்து தடுப்புக்குள் விட வேண்டியிருந்தது.

அவ்வளவு செய்தும் விரிப்பு நனைந்தது. தண்ணீரை முதலில் இருட்டிய பிறகு நிறுத்தினேன். அப்புறம் மத்தியானத்துக்குப் பிறகு. விரிப்பு காய ஆரம்பித்தது. பலன் தெரிகிற முறையை யாராவது பாதியில் விடுவார்களா?

இடையில் மாஸ்டர் ஒருமுறை குட்டியைப் பார்க்க வந்தார். “அழுகை நிக்கவே மாட்டேங்குதுன்னா எவ்ளோ நேரம் மாஸ்டர் பொறுக்கலாம்?” என்று கேட்டேன்.

“அது உங்க பொறுமையைப் பொறுத்தது சார்” என்று சிரித்தார். அப்புறம் குட்டியின் மூக்கைத் தொட்டுப் பார்த்து, “ஆனா இது பக். சத்தம் மாறுச்சுன்னா, மூச்சு இழுத்துச்சுன்னா, பயிற்சியாவது ஒண்ணாவது, உடனே திறந்து தண்ணி குடுங்க. உசுரு முக்கியம்” என்றார்.

யாரைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவரைக் கூப்பிட்டு விசாரித்துத் தொந்தரவு செய்யாதீர்கள்.

அந்த வாரம் அடித்த வெயில் உங்களுக்கே நினைவிருக்கும். கடையில் இஸ்திரி மேஜைப் பக்கம் நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் குட்டி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, விலா எலும்பு தெரிய மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பதறிவிட்டேன். மாஸ்டர் சொன்ன மாதிரியே மூச்சுச் சத்தம் மாறியிருந்தது. உடனே தடுப்பைத் திறந்து, ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து, கிண்ணத்தில் ஐஸ் போட்டுத் தண்ணீர் வைத்தேன். கூடத்து மின்விசிறி போதவில்லை. அண்ணன் அறையில் ஒரு மேஜை விசிறி இருந்தது. போய் எடுத்தேன்.

உள்ளே போனபோது அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். வா என்று உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. உதடு வெடித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது. அழும்போது கவனிக்கக் கூடாது என்பதால் முகத்தைப் பார்க்காமல் விசிறியை எடுத்துக்கொண்டு வந்து தாழ்ப்பாளைப் போட்டேன். குட்டிக்குக் காற்று பட்டதும் மூச்சு சீரானது. அப்பாடா என்றிருந்தது.

அதற்குப் பிறகு மறுபடி சுவர்ச் சத்தம் ஆரம்பித்தது. நீங்கள் அதைக் கேட்டேனா என்று கேட்கிறீர்கள். கேட்டேன். முதலில் உள்ளங்கையால் தட்டுகிற சத்தம், அப்புறம் விரல் நகம், அப்புறம் எப்போதாவது ஒன்று. மறுநாள் வேலைக்குப் போகும்போதும் இருந்தது. சாயங்காலம் வந்து, கை கால் கழுவி, ஒரு டீ போட்டுக் குடித்துக்கொண்டிருந்தபோது நின்றது.

உடனே ஓடிப்போய்த் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கட்டும் என்பதுதானே முறை. காத்திருந்தேன். சந்தோஷமாகவே காத்திருந்தேன். இனிமேல் அண்ணனைக் கூடத்துக்கு மாற்றிவிடலாம், டிவி பார்க்க உட்கார வைக்கலாம், குட்டியை மடியில் விடலாம் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பூட்டி வைத்தது நான்தான், ஐயா. தண்ணீரை நிறுத்தியது நான். சத்தம் கேட்டும் திறக்காதவனும் நான். இதில் எதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் கொன்றேன் என்று நீங்கள் சொல்லும்போது, வேறு யாரையோ பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கிறது. கிரீம் பிஸ்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் கதவைத் திறந்தேன். தரையைத்தான் முதலில் பார்த்தேன். சொட்டு ஈரம் இல்லை. விரிப்பும் காய்ந்திருந்தது. வாய் நிறைய ‘சபாஷ்ண்ணே’ என்று சொன்னேன்.

சொன்ன பிறகுதான் அவரைப் பார்த்தேன். இடது கை சுவரில் சாய்ந்தபடி இருந்தது.

என் காலுக்கு நடுவில் புகுந்து குட்டி உள்ளே ஓடியது. அவர் கூப்பிடுவார் என்று கட்டிலுக்குக் கீழே நின்று முகத்தை அண்ணாந்து பார்த்தது. தொங்கிய விரிப்பு நுனியை முகர்ந்தது. அப்புறம் அவ்வளவு பழக்கியும், அங்கேயே, நடு அறையில் நனைத்துவிட்டது. நான் அதைத் திட்டவில்லை. பாவம், வாயில்லாத ஜீவன், பயந்துபோயிருக்கும், அதற்கு என்ன தெரியும் என்று துணி எடுத்து வந்து துடைத்தேன்.