இருக்கைக்குப் பின்னால் வைக்கிற துப்பாக்கி

கிட்டே வாருங்கள், அந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்குக் குரல் தாழ்ந்துவிட்டது. உங்களுக்கும் குளிரில் காது அடைத்திருக்கும். காபி ஆறிவிட்டால் வேறு கேளுங்கள். கையெழுத்துப் போடவேண்டிய தாளை ஓரமாக வையுங்கள், போடாமல் நான் எங்கே ஓடப்போகிறேன்? முழுக் கதையையும் சொல்கிறேன். வண்டியில் வைக்க எந்தத் துப்பாக்கி நல்லது என்பதில் தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

மொன்டானாவின் இந்தக் கோடியில் உதிரிச் சக்கரம் இல்லாமல்கூட பிக்கப்பை எடுப்போம், துப்பாக்கி இல்லாமல் எடுக்கமாட்டோம். கன்றுக்குட்டியைச் சுற்றும் கயோட்டி நரி, மேய்ச்சல் நிலமெல்லாம் வளை தோண்டும் புல்வெளி அணில், பள்ளத்தில் விழுந்து எழமுடியாத மாடு என்று எதற்கு எப்போது தேவைப்படும் என்று தெரியாது. ஆகவே எல்லாவற்றுக்கும் ஆகிற மாதிரி ஒன்று வேண்டும். அப்பாவுடைய பழைய துப்பாக்கியின் மரக்கட்டை மே மாதம் பிளந்துவிட்டது. நானும் தங்கை லவோனும் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் ஆரினிடம் போனோம். எனக்கு அறுபத்தேழு வயது, அவளுக்கு அறுபத்தொன்று. இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒரே வீட்டில் இருந்தோம்.

ஆரின் முதலில் சின்னதாக ஒன்றை எடுத்து நீட்டினான்.

“இது அணிலுக்கு ஆகும். இத வச்சு மாட்டச் சுட்டா, யாருடி அதுன்னு மாடு திரும்பிப் பாக்கும்,” என்றாள் லவோன்.

அடுத்து தொலைநோக்கி பொருத்திய நீளத் துப்பாக்கி. பெரிய மானையே சாய்க்கும் என்றான்.

“எங்க ரோட்டுல ஒரு வாரம் குலுங்கினா கண்ணாடி ஒரு பக்கம் பாக்கும், குண்டு ஒரு பக்கம் போகும். அக்கா தோளும் கழண்டுடும். நீ வேற, ஆளப் பாத்து எடுடா.”

மூன்றாவது குட்டையானது, ஒல்லியானது. அடியில் இருக்கும் கைப்பிடியை இறக்கி ஏற்றினால் அடுத்த குண்டு குழலுக்கு வரும். லவோன் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தாள்.

“இதான்க்கா. சீட்டுக்குப் பின்னால அடக்கமாப் படுத்துக்கும். கயோட்டிக்கும் ஆகும், காலொடிஞ்ச மாட்டுக்கும் ஆகும். லேசாவும் இருக்கு. நீ ஒண்டியாத் தூக்கணுமில்ல?”

“ஒண்டியாவா? நீ எங்க போற?”

ஆரின் சிரித்துவிட்டான். “உங்ககிட்ட இன்னும் சொல்லலியாக்கா? கேஸ் லாரி ஓட்டற ரூபன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறானே. அவனுக்கும் லவோனுக்கும் அக்டோபர்ல கல்யாணமாம்.”

“ஓட்டவாயா, மூடுடா,” என்று லவோன் அவன்மேல் தொப்பியை வீசினாள். பிறகு என் பக்கம் திரும்பி, “வீட்டுக்குப் போயி சொல்லலாம்னு இருந்தேன்க்கா,” என்றாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

நான் சண்டை போடவில்லை. ஆரினைக் கேட்டுப் பாருங்கள். நல்லது என்று சொல்லி, கைப்பிடியை இரண்டு முறை இறக்கி ஏற்றிப் பார்த்தேன். எண்ணெய் போட்ட மாதிரி இருந்தது.

ரூபன் நல்லவன்தான். அவனுக்கு மைல்ஸ் சிட்டியில் படிகள் இல்லாத வீடு இருக்கிறது. லவோனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது எங்கள் அம்மா போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் தலையைப் பின்னியது நான், காபி போட்டுக் கொடுத்தது நான். இதைச் சும்மா சொல்கிறேன். நடந்ததற்கும் ரூபனுக்கும் சம்பந்தமில்லை. அவன் பேரை அந்தத் தாளில் சேர்க்கவேண்டாம்.

செப்டம்பரில் மேட்டு மேய்ச்சலிலிருந்து மாடுகளைக் கீழே இறக்கினோம். லவோன் குதிரைமேல், நான் பிக்கப்பில். காலை ஒன்பது மணி, நல்ல வெயில். குதிரையின் முன்கால் அணில் வளைக்குள் இறங்கிவிட்டது. நான் வண்டியை ஓட்டிப் போய்ச் சேர்ந்தபோது குதிரை எழ முயன்று எழ முயன்று விழுந்துகொண்டிருந்தது. லவோன் பத்தடி தள்ளிக் கிடந்தாள். முழங்காலுக்குக் கீழே அவளுக்கும் ஒடிந்திருந்தது.

எங்கள் பக்கத்து முறை உங்களுக்குத் தெரியும். கால் ஒடிந்தால், ஏறிய குதிரையை ஏறியவரே சுட்டு முடிக்கவேண்டும், வேறொருவர் கைக்கு விடுவது கேவலம். “துப்பாக்கிய எடுத்துட்டு வாக்கா. அது என் குதிரை,” என்றாள். அவளைத் தோளோடு பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குதிரையின் தலைமாட்டில் உட்காரவைத்தேன். அழுதுகொண்டே அதன் பேரைச் சொன்னாள். ஒரே குண்டு.

வண்டியில் இருக்கும்போது குழலில் குண்டு இருக்கக்கூடாது. ஆனால் குதிரையைச் சுட்டால், அது பாதி உயிரோடு துடிக்கக்கூடாது என்று உடனே அடுத்த குண்டையும் ஏற்றிக்கொள்வோம். சின்ன வயதிலிருந்து கைக்குப் பழகியது. லவோனும் அப்படியே ஏற்றினாள். குதிரை அசையவில்லை. ஏற்றிய குண்டை வெளியே எடுக்க மறந்து, துப்பாக்கியை அப்படியே என்னிடம் கொடுத்தாள். இதை நீங்கள் எழுதிக்கொள்ளவேண்டும். நான் ஏற்றவில்லை.

“ரூபனுக்குப் போன் போடுக்கா. ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா அவர் வீட்டுக்கே போயிடறேன். படியில்லாத வீடு, கால் தேற வரைக்கும் வசதி. அக்டோபர்னு ஏன் காத்துக்கிட்டு?” என்றாள். அந்த வலியிலும் சிரித்தாள்.

நான் அவள் காலைப் பார்த்தேன். வீங்கிக் கருத்துக்கொண்டிருந்தது. அவள் வேதனைப்படுவதை நான் என்றைக்கும் பொறுத்ததில்லை. அவளுக்கு ஆறு வயதில் தேனீ கொட்டியதற்கே நான்தான் ராத்திரி பூராவும் உட்கார்ந்திருந்தேன்.

“என்ன யோசிக்கிற? போன் வண்டியிலதான் இருக்கு,” என்றாள்.

“குதிரையப் பாரு, இன்னும் மூச்சு இருக்கா?” என்று கேட்டேன். அவள் குதிரை பக்கம் திரும்பினாள். முகத்தைப் பார்த்துக்கொண்டு செய்ய நான் கல்நெஞ்சக்காரி இல்லை. அவளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

இங்கே துப்பாக்கிச் சத்தத்துக்கு யாரும் தலை தூக்குவதில்லை. பக்கத்து நிலத்தில் வேலி கட்டிக்கொண்டிருந்த எம்மெட், நான் திரும்பும்போது கைகாட்டி என் வண்டியை நிறுத்தினான். “குதிரை போச்சா? ரெண்டு தேவைப்பட்டுச்சாக்கும், பாவம்,” என்றான். தேவைப்பட்டது என்றேன். என் பக்கத்து இருக்கையில் கழுத்துவரை கம்பளி போர்த்தி, தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுச் சாய்ந்திருந்தவளைப் பார்த்து, “அழுது தூங்கிட்டாளா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான். நல்ல பையன்.

வீட்டில் அவளை அவள் கட்டிலிலேயே படுக்கவைத்தேன். முகம் துடைத்து, தலையைப் பின்னிவிட்டேன். சாயங்காலம் ரூபன் வந்தான். தூங்குகிறாள், எழுப்பாதே என்று சொன்னேன். அவனுக்குப் பொறுமை கிடையாது. அவள் அறைக் கதவைத் திறந்துவிட்டான். உங்களைக் கூப்பிட்டவனும் அவன்தான்.

அந்தக் கால் மூன்று மாதத்தில் கூடியிருக்கும் என்று உங்கள் டாக்டர் சொன்னாராம். படித்தவர், சொல்லட்டும். மூன்று மாதம் அவள் யார் வீட்டில் உட்கார்ந்திருப்பாள் என்று அவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆமாம், என் தங்கையை நான்தான் சுட்டேன். வலி பொறுக்காமல் சுட்டேன். அவ்வளவுதான் கதை, தாளைக் கொடுங்கள். உங்கள் வீட்டில் போன மாதம் பெண் குழந்தை பிறந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், மூத்தவளும் ஒருத்தி இருக்கிறாளாமே. உங்கள் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். குழந்தைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். அந்த இரண்டு பேரும் கடைசிவரை ஒரே வீட்டில் இருக்கட்டும், ஒருத்தியை விட்டு ஒருத்தி எங்கேயும் போகாமல்.