தலைமைப் பயிற்சியாளர்

— இன்னும் மூணு மணி நேரம் இருபது நிமிஷம்தான் இருக்கு. அப்புறம் டெண்டர் கதவைச் சாத்திடுவான். இப்ப வந்து என் பேரை எடுன்னா எப்படிம்மா?

— எடுத்துடுண்ணே. தலைமைப் பயிற்சியாளர்ங்கிற இடத்துல ஒட்டகத்தோட பேரைப் போடு.

— சரியாப் போச்சு! போலீஸ் சிறப்புப் படைக்குத் துப்பாக்கிப் பயிற்சி, மூணு வருஷ ஒப்பந்தம். அதுக்கு ஒட்டகம் மாதிரி நெட்டையா நிக்கிற நம்ம உதவிப் பயிற்சியாளரா?

— பட்டாளத்துல இருந்தவர்தானே.

— யாரு இல்லேன்னா? உனக்குப் பன்னிரண்டு வருஷ அனுபவம், இருபதுக்கு இருபது மார்க். அவருக்கு எட்டு போட்டாலே பெரிசு. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை டெண்டர் போட்டு, ரெண்டு தடவையும் நூலிழையில விட்டோம். இந்தத் தடவை நானே ஆத்துல கொட்டணுமா?

— விலையைக் கொஞ்சம் குறைச்சுக்கோ.

— ஏற்கனவே எலும்பு தெரியுது. இன்னும் குறைச்சா தோட்டாவுக்குப் பதிலா வாயால 'டுமீல்'னு கத்தித்தான் பயிற்சி குடுக்கணும்.

— சிரிக்க வைக்காதே. நான் முடிவு பண்ணிட்டேன்.

— எதிர் கம்பெனிக்காரன் கூப்பிட்டானா? நேராவே சொல்லிடு.

— அவன்கிட்ட போறதுக்கு உன்கூடவே சண்டை போட்டுக்கிட்டு இருந்துடுவேன்.

— அப்ப மாப்பிள்ளையோட ஏதாவது?

— அவரா? அவருக்குச் சண்டை போடவே நான்தான் சொல்லிக் குடுக்கணும்.

— பின்னே என்ன? நானும் பாக்குறேன், கொஞ்ச நாளா சுடற கூடத்துக்குள்ள நீ காலே வைக்கல. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு மைக்ல கத்துறே. கை நடுங்குதா? கண்ணுல ஏதாவது?

— ரெண்டும் நல்லா இருக்கு.

— அப்ப பேரு மட்டும் இருக்கட்டுமே. ஒப்பந்தம் கைக்கு வரட்டும், ஒட்டகத்தை அனுப்பிக்கலாம்.

— முதல் வருஷம் ஆள் மாத்தக் கூடாதுன்னு நீதானே வாசிச்சுக் காட்டினே?

— யாரு வந்து தலையை எண்ணப் போறான்?

— எண்ணாட்டியும்தான். பேர் இருந்தா நான் அங்க நிக்கணும்.

— அந்த மனுஷன் வகுப்பு எடுத்தா பாதிப் பேர் தூங்குறாங்களே!

— தூங்கல. பயம் போயிடுது. அந்த இடது கைப் பொண்ணு, வெடிச் சத்தம் கேட்டாலே கண்ணை மூடிக்குவாளே. என்கிட்ட எவ்வளவு திட்டு வாங்கினா! அவர் திட்டல. துப்பாக்கியைக் கீழ வெச்சுட்டு, பக்கத்துல ஆள் சுடற சத்தத்தை மட்டும் கேளுன்னு நிக்க வெச்சார். நேத்து பயிற்சிக்குன்னு பலகையால கட்டின வீட்டுக்குள்ள தனியாப் போனா. ஆயுதம் வெச்சிருந்த பொம்மைகளை மட்டும் சுட்டா. பிணைக்கைதி பொம்மை மேல ஒரு கீறல் இல்ல.

— அது நீ செஞ்ச வேலைன்னுல்ல நெனச்சேன்?

— நான் வெளியில நின்னு வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு இருந்தேன்.

— இரு, இரு. பயிற்சி முறைக்குன்னு பதினஞ்சு மார்க் இருக்கு. நாம அங்க ரெண்டே வரி எழுதி வெச்சிருக்கோம். இதை எழுதலாமே?

— அதுக்குத்தானே சொல்றேன். எழுதிக்கோ. முதல்ல சத்தம், அப்புறம் வெறும் துப்பாக்கி, அதுக்கப்புறம்தான் தோட்டா...

— மெதுவாச் சொல்லு. என் விரல் என்ன மெஷின் கன்னா?

— சரி, சரி. கடைசி வரியில அவர் பேரையும் சேர்த்துக்கோ.

— சேர்த்தாச்சு. மேலயும் மாத்தியாச்சு. ஜெயிச்சா ஒட்டகத்துக்கு ஒரு நல்ல சட்டை வாங்கணும். தோத்தா வங்கிக் காவலாளிகளுக்கு வகுப்பு எடுத்துப் பொழைச்சுக்கலாம். அனுப்பட்டுமா?

— காரணம் கேக்க மாட்டியா?

— கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. நீ சொல்லாம இருக்கேன்னா அதுக்கும் ஒரு காரணம் இருக்கும். உன்னை எனக்குத் தெரியாதா? இதோ... போயிடுச்சு. ரசீதும் வந்துருச்சு. அட, நீ ஏம்மா கண்ணைத் துடைக்கிறே?

— முன்னாடியே சொல்லியிருந்தா டெண்டரே வேண்டாம்னு மூட்டை கட்டியிருப்பே. அதான் வாயைத் திறக்கல. துப்பாக்கி வெடிச்சா ஈயத் தூசி பறக்கும்ல, குழந்தை பொறக்கிற வரைக்கும் அந்தப் பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நீ தாய்மாமன் ஆகப்போறேண்ணே.