பரணேறிப் பயிற்றுவித்த அம்மையார்க்கு

ஒளியமைக்கும் கலையை உழைக்கும் கைகளுக்கு ஊட்டிய ஆசானே! திரைப்படத் தொழிற்பயிற்சி நிலையத்தைத் தாங்கிய தூணே! முப்பத்தோர் ஆண்டுகள் முகம் சுளிக்காது எங்களோடு மல்லுக்கட்டிய தலைமைப் பயிற்றுநர் அம்மையீர்! வணக்கம்.

இன்று பணி நிறைவு பெறும் தங்களை வாழ்த்த, ஒளிப்பிரிவின் பயிற்றுநர்களாகிய நாங்கள் நால்வரும் இம்மடலை மூன்று முறை எழுதிக் கிழித்தோம். மூன்றிலும் புகழ் வழிந்தோடியது. உண்மைதான் ஒரு சொட்டும் இல்லை. ஆகவே இது நான்காவது.

தையற்காரர் வந்தார், காவலாளி வந்தார், ஆலை மூடியதால் அல்லாடியவர் வந்தார். வந்த எவரையும் தாங்கள் திருப்பி அனுப்பியதில்லை. கேபிளைத் தாறுமாறாகச் சுருட்டினால், "இது கேபிளா, காக்கா கூடா?" என்று தாங்கள் போடும் சத்தம் இரண்டு கட்டடம் தாண்டிக் கேட்கும். திட்டு வாங்கியவர் மறுநாளும் தவறாமல் வருவார்.

அப்படி வந்தவர்களுள் ஒருவர் பழைய பஸ் கண்டக்டர். நாற்பத்திரண்டு வயது. கயிற்றில் விளக்கை மேலேற்றும்போதெல்லாம் "போலாம் ரைட்!" என்று குரல் கொடுப்பார், தங்களுக்கே சிரிப்பு வந்துவிடும். படப்பிடிப்புத் தளத்தின் கூரையை ஒட்டித் தொங்கும் பலகைப் பாதையான பரணில் நடப்பவரின் பெல்ட்டில் இரண்டு கொக்கிகள் உண்டு. ஒன்றைப் பாதுகாப்புக் கம்பியில் மாட்டிய பிறகே மற்றதைக் கழற்ற வேண்டும். கை தானாகவே அதைச் செய்யும்வரை பத்து நாள் ஏறி இறங்க வேண்டும் என்பது தாங்கள் வகுத்த விதி.

ஆறு ஆண்டுகளுக்கு முன், தங்கள் கணவர் மருத்துவமனையில் இருந்தமையால் தாங்கள் இரண்டு வாரம் விடுப்பில் இருந்தீர்கள். அப்போது ஒரு பெரிய படநிறுவனம் திங்கட்கிழமைக்குள் இருபது பேர் வேண்டும் என்றது. எங்கள் மாணவர்கள் இரண்டு நாள்தான் பரணேறியிருந்தார்கள். வந்த வேலை கைநழுவிப் போகுமே என்று அவர்கள் தவித்தார்கள், நாங்களும் தவித்தோம். பயிற்சி ஏட்டில் மீதி எட்டு நாள் கட்டங்களிலும் நாங்களே டிக் போட்டோம். விடுப்பு முடிந்து வந்த தங்கள் மேசையில் இருபது தகுதி அட்டைகளை வைத்தோம்.

"எல்லாரும் பத்து நாளும் ஏறிட்டாங்களா?" என்றீர்கள்.

"ஏறிட்டாங்க மேடம். நீங்க கையெழுத்து போடுங்க."

எங்களை நம்பிப் போட்டீர்கள்.

வேலைக்குச் சென்ற நான்காம் நாள், கண்டக்டர் ஒரு பலகையிலிருந்து அடுத்ததற்கு மாறினார். இரண்டாவது கொக்கியை மாட்டுமுன் முதலாவதைக் கழற்றிவிட்டார். கீழே விழுந்தவருக்கு மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

"அவருக்கு மேல ஏறச் சொல்லிக் குடுத்தது யாரு?" என்று அவர் மனைவி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கேட்டார். நாங்கள் தரையைப் பார்த்தோம். "நான்தாம்மா" என்றீர்கள் தாங்கள். விசாரணையிலும் அதே பேச்சு: "கையெழுத்து என்னுது. வேற யாரையும் கேக்காதீங்க." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த எங்களுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தங்கள் பணிப்பதிவேட்டில் "கடமையில் அலட்சியம்" என்று எழுதினார்கள். ஐயோ, தங்களுக்கா அந்தச் சொல்!

டிக் போட்ட ஏடு தங்கள் அலமாரியில்தான் இருந்தது. எங்கள் நால்வரும் டிக் போடும் விதம் தங்களுக்குத் தெரியும். ஆயினும் அதன்பின் வீங்கிய முழங்காலோடு ஒவ்வொரு மாணவருடனும் தாங்களே பரணேறினீர்கள். மதியம் எங்களோடு அமர்ந்தே உண்டீர்கள். யார் செய்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு வசவோடு போயிருக்கும். கேளாமல் விட்டீர்களே, அதுதான் எங்களை அரித்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எங்கள் நெஞ்சு குறுகுறுத்துக் குறுகுறுத்தே மரத்துப் போயிற்று.

நேற்றுக் கண்டக்டர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். அவர் மனைவி முழுவதும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். இன்று காலை, ஏட்டின் நகலோடு, நால்வரும் தலைமை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தோம். எங்கள் வேலை போகலாம், போகட்டும். ஆனால் அந்தச் சொல்லை அழிக்க மூன்று மாதமாகுமாம். ஓய்வு பெற்றவரின் பதிவேட்டில் கைவைக்க விதியே இல்லையாம். இதை வாசிக்கும் இவ்வேளை மணி நாலரை. ஐந்து மணிக்குத் தாங்கள் ஓய்வு பெற்றுவிடுவீர்கள். ஆறு ஆண்டுகளை வீணடித்துவிட்டு, கடைசி நாளில் போய் நின்ற பாவிகள் நாங்கள்.

அம்மையீர்! நோயின்றி, முழங்கால் வலியின்றி, பேரப்பிள்ளைகள் சூழத் தாங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். மன்னிப்புக் கேட்கும் தகுதி எங்களுக்கு இல்லை. வேண்டுவது ஒன்றே: இம்மடலை வீட்டுக் கூடத்தில், வருவோர் போவோர் கண்ணில் படும்படி மாட்டுங்கள். பதிவேட்டில் ஏறாத உண்மை தங்கள் சுவரிலாவது இருக்கட்டும்.

இங்ஙனம்,
பரணேறாத எட்டு நாளுக்கும் ஏறியதாக டிக் போட்ட
மின்கம்பிப் பயிற்றுநர்
விளக்குப் பயிற்றுநர்
ஜெனரேட்டர் பயிற்றுநர்
பாதுகாப்புப் பயிற்றுநர்