பழையபடி ஆக்கப்பட்ட ஒரு வரி

என் பெயரும் முகவரியும் மேலே பதிந்துள்ளபடியே. வயது ஐம்பது. மருத்துவமனையின் மென்பொருள் பிரிவுக்குத் தலைவராக இருக்கிறேன். இறந்த நோயாளியை நான் அறியேன். காவலில் உள்ள செவிலியரோடு பேசிப் பழகியதில்லை.

எங்கள் மென்பொருள், தரவுத்தளத்தின் அட்டவணைகளை நிரலில் பொருள்களாகக் கையாளும் கட்டமைப்பில் எழுதப்பட்டது. அடிக்கடி தேவைப்படும் வினவலை, அதாவது தரவைத் தேடி எடுக்கும் கட்டளையை, ஒரே இடத்தில் எழுதிப் பெயரிட்டு, வேண்டிய திரைகளிலெல்லாம் அந்தப் பெயரால் அழைப்பது எங்கள் வழக்கம். நோயாளிக்கு ஆகாத மருந்துகளை எடுத்துத் தரும் வினவலுக்கு ‘நடப்பு ஒவ்வாமை’ என்று பெயர். புறநோயாளிச் சீட்டும், ஊசி போடுமுன் செவிலியர் பார்க்கும் வார்டுத் திரையும் அதையே அழைக்கின்றன.

பழைய ஒவ்வாமைப் பதிவுகளால் சீட்டு நீளுகிறது என்று மருத்துவர்கள் குறைகூறியதன் பேரில், என் பிரிவில் நிரலராக உள்ள என் மருமகன், அண்மையில் பதிந்தவை மட்டும் வரவேண்டும் என்ற வரியை அந்த வினவலுக்குள்ளேயே சேர்த்தார். சீட்டுக்கென்று தனியாக, வினவலின் மேல் இன்னொரு நிபந்தனையாகக் கோத்திருக்க வேண்டும். உறவினரின் மாற்றங்களை நான் சரிபார்ப்பதில்லை என்பது நானே வைத்த விதியாதலால், துணைத்தலைவர் சரிபார்த்தார். அவர் சீட்டை மட்டும் பார்த்தார், வார்டுத் திரையைப் பார்க்கவில்லை. அன்று தேநீர் வேளையில் மருமகன், “ஒத்த வரிதான் சேர்த்தேன், டாக்டருங்க வாய அடச்சாச்சு” என்று சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.

அதன் பிறகு அந்த நோயாளி வார்டில் சேர்க்கப்பட்டார். அவருக்குப் பென்சிலின் ஆகாது என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே பதியப்பட்டிருந்தது. பென்சிலின் ஊசி போட்டதும் இறந்தார். திரையில் ‘ஒவ்வாமை இல்லை’ என்றிருந்ததாகச் செவிலியர் கூறினார். அதன் பிறகு காவல் ஆய்வாளராகிய தாங்கள் வந்து பார்த்தபோது, அதே திரையில் பென்சிலின் என்று சிவப்பில் இருந்தது. நிர்வாக அலுவலர் செவிலியரிடம், “கண்ண எங்கம்மா வச்சிருந்த?” என்று கேட்டபோது நான் அங்கு நின்றிருந்தேன். “பாத்தேன் சார், பாத்துட்டுத்தான் போட்டேன்” என்பதையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதன் பிறகு நிரலின் மாற்றப் பதிவுகளைப் பார்த்தேன். நோயாளி இறந்த பின்பு, தாங்கள் வருமுன் அந்த வரி நீக்கப்பட்டிருந்தது. மருமகனைக் கேட்டேன். “பழையபடி ஆக்கிட்டேன் மாமா. இனிமே யாருக்கும் ஒண்ணும் ஆகாது. இதோட விட்டுடுங்க” என்றார். அதன் பிறகு முந்தைய நிரலைத் தனிக் கணினியில் ஏற்றி, அந்த நோயாளியின் எண்ணை இட்டு, தங்கள் முன்னிலையில் இயக்கிக் காட்டினேன். ‘ஒவ்வாமை இல்லை’ என்றே வந்தது.

இங்கு வரப் புறப்பட்டபோது என் மகள் வாசலில் என் செருப்புகளை நேராக்கி வைத்துவிட்டு, “அவரு வேணும்னு செய்யலப்பா” என்றாள். வரியைச் சேர்த்ததில் கெட்ட எண்ணம் இல்லை என்பது உண்மை. அதையும் எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். நீக்கியதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, சொன்னவை உண்மை. ஓரிடத்தில் ‘உறவினர் ஒருவர்’ என்றிருந்ததை அடித்து, ‘என் மருமகன்’ என்று திருத்தச் சொல்லி, திருத்தத்தின் அருகிலும் ஒப்பமிட்டுள்ளேன்.

(ஒப்பம்)