மூடுபனியில் கூப்பிட்ட பெயர்

தீவுக் குழுவின் தூணாக நின்று தலைமை தாங்கும் டெர்மட் அவர்களே! காலையில் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றிய கையோடு கேக்கையும் வெட்டித் தந்த பங்குத் தந்தை அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, மூத்தோராக மறுக்கும் மூத்தோர்களே! பெற்று, பேர் வைத்து, அந்தப் பேரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே தொண்டை வற்றிய தாய்மார்களே! அனைவருக்கும் இந்தக் கிழவன் ஃபெஸ்டியின் வணக்கம்.

இன்று ஞானஸ்நானம் பெற்ற நம் செல்லத்துக்கு, அவள் அத்தையின் பெயரையே, நீவ் என்று வைத்திருக்கிறோம். நீவ் என்றால் என்ன? ஏடு படித்தவர்கள் ‘ஒளி’ என்பார்கள். சரிதான். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை மன்னித்து விட்டுவிட்டவன். ஆனாலும் அந்த ஒளியைக் காதால் கேட்டவன்! சிரிக்காதே கோல்மன், அன்றைக்கு நீ பிறக்கவே இல்லை.

அந்த அத்தை பிறந்த ஐந்தாம் நாள். கோயில் அக்கரையில். வழக்கப்படி பிள்ளை பெற்றவள் வீட்டிலேயே இருந்தாள்; ஞானப் பெற்றோர் கையில் குழந்தை. பார்ப்ரா சித்தி ஞானத்தாய், நான் ஞானத்தந்தை, துடுப்புப் போட்டவர் குழந்தையின் தகப்பன், என் அண்ணன் மார்ட்டீன். குழந்தையின் பெயர் எனக்குத் தெரியாது. சித்திக்கும் தெரியாது. தண்ணீர் ஊற்றும்வரை பெயரை வெளியே விடலாமா? ‘நல்லவர்கள்’ என்று நாம் பயந்து பயந்து சொல்கிறோமே, மேட்டுக்கு அடியில் வாழும் அந்த மாயக்காரர்கள் காதில் விழுந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களே!

பாதி வழியில் இறங்கியது பனி. என்ன பனி! என் மூக்கு இருக்கிறதா என்று நான் தடவிப் பார்த்தேன். கரை எங்கே? கோயில் எங்கே? நம் படகுக்கு அடிப்பலகை ஏது? கீழே தார் பூசிய துணி, அதற்கும் கீழே கடல். நான் இடுப்பளவு சுறாவை வெறுங்கையால் பிடித்தவன். அன்று என் பல் தாளம் போட்டது!

“அண்ணே, எந்தப் பக்கம் போறோம்?”

“வாய மூடிட்டுக் காதத் திறந்து வைடா.”

வைத்தேன். இடப்பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல்... “நீ...வ்! நீ...வ்!”

அண்ணன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. துடுப்பு நின்றது.

“என்னண்ணே?”

“அது... புள்ளைக்கு வச்ச பேருடா. எனக்கும் உன் அண்ணி நோனிக்கும் மட்டும்தான் தெரியும். அவ வாயத் திறந்திருக்க மாட்டா.”

பெரியோர்களே! தாய் கூப்பிடுகிறாளா? தாயின் குரலில் ‘அவர்கள்’ கூப்பிடுகிறார்களா? திரும்பினால் பாறையா? திரும்பாவிட்டால் பாறையா? சித்தி குழந்தையைச் சால்வைக்குள் இறுக்கிக்கொண்டு, “போகாத மார்ட்டீன், அதுக கூப்புடுதுக, போகாத!” என்று அழுதார். அண்ணன் எதிர்ப்பக்கம் துடுப்பைத் தள்ளினார். ஒரு தள்ளு. இரண்டு தள்ளு.

அப்போது வந்தது பாருங்கள் அடுத்த கூவல்:

“நீ...வ்! அடேய் மார்ட்டீன், காதுல என்னடா அடைச்சிருக்க? எம்புள்ளய எங்கடா கொண்டு போற, கூறுகெட்டவனே!”

அண்ணன் நிமிர்ந்தார். “அவதான்டா! எந்தப் பேயும் இவ்வளவு திட்டாது!”

திருப்பினார். திருப்பிய நொடியில் எங்கள் முதுகுக்குப் பின்னால், ஆம், நாங்கள் போய்க்கொண்டிருந்த அதே திசையில், கருப்பாக ஒரு பாறை அலையைக் குடித்துத் துப்பியது. ஒரு துடுப்புத் தூரம்! இன்றும் அந்தச் சத்தம் கேட்டால் எனக்குச் சோறு இறங்காது.

பனிக்குள்ளே இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார் நோனி அண்ணி. பிள்ளை பெற்று ஐந்தே நாள். கையில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பத்தடிக்கு வந்த பிறகுதான் அது எங்கள் கண்ணில் பட்டது. விளக்கு வராத தூரத்துக்குப் பெயர் வந்தது!

பெயர் வெளியே வந்துவிட்டதே என்று நடுங்கிய சித்தி, அங்கேயே கடல் நீரை அள்ளிக் குழந்தையின் நெற்றியில் ஊற்றி, ஞானஸ்நானத்துக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தார். நான் அண்ணியிடம் கேட்டேன்:

“ஏன் அண்ணி கத்துனீங்க? அதுக காதுல விழுந்திருந்தா?”

“விழுந்தா விழட்டும். நான் கத்தலன்னா அவளுக்கு யாருடா வழி காட்டுறது?”

உடம்பெல்லாம் நடுங்கித்தான் சொன்னார். பயம் இல்லாததால் அவர் கத்தியதல்ல, தாய்மார்களே! கத்தாமல் இருப்பது அதைவிடப் பயமாக இருந்தது! இதைவிடவா ஒளிக்கு ஒரு பொருள் வேண்டும்?

இந்தச் சின்ன நீவும் ஒருநாள் படகு ஏறுவாள். பனியும் இறங்கும். அன்று நான் இருக்கமாட்டேன். அன்று யார் கரையில் நின்றாலும் சரி, கேட்கிறேன்: வாயைப் பொத்திக்கொண்டு நிற்காதீர்கள். உரக்க, உரக்க, அவள் திரும்பும்வரை கூப்பிடுங்கள்!

நடுங்கும் குரலுக்கும் காது கொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி. கடலில் இருக்கும் நம்மவர்களுக்கும் சேர்த்து என் வணக்கம்.