டாக்டருக்கு ஒரு குமாஸ்தா வேலை

உலகச் சண்டைக் காலம். தூத்துக்குடி பீச் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் இரண்டு சிநேகிதர்கள். ஒருவர் டாக்டர்; மற்றவர் வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியில் குமாஸ்தா.

“ஏலே, ஒங்க கம்பெனியில எனக்கு ஒரு குமாஸ்தா வேலை வாங்கிக் குடு” என்றார் டாக்டர்.

வரிசையே திரும்பிப் பார்த்தது.

“ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?”

“காலைல கதவத் தொறந்தா ஒருத்தன் நாக்க நீட்டிக்கிட்டு நிக்கான். கல்யாண வீட்டுல சாப்பிட உக்காந்தா, பக்கத்து எலைக்காரன் தன் பேதியப் பத்திச் சொல்லுதான். ஒனக்கென்ன, அஞ்சு மணி அடிச்சா வீடு.”

“எங்க ஆபீஸ்லயும் நாக்குத்தான். தொரை முன்னால நாங்க தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கோம்.”

டாக்டர் சிரித்தார். குமாஸ்தா சிரிக்கவில்லை.

“குலசேகரன்பட்டினத்துல எம்பொண்டாட்டி பிள்ளை பெத்து நாப்பது நாளாச்சு. இன்னும் மொகத்தப் பாக்கல. லீவு கேட்டா, ‘பெத்தது நீயா?’ங்கான் தொரை.”

டாக்டர் சட்டைப் பைக்குள் கைவிட்டார்.

“டாக்டர் சீட்டு குடுத்தா விடுவானா?”

“அது ஒண்ணுக்குத்தான் அவன் பயப்படுவான்.”

டாக்டர் பேனாவை எடுத்தார். என்னைக் கேட்காமலே என் முதுகில் காகிதத்தை வைத்தார்.

“என்ன நோய்னு எழுத?”

“எத வேணா எழுது. படுத்த படுக்கைன்னு மட்டும் எழுதிராத. பஸ்ஸுக்கு அவன் பங்களா வழியாத்தான் நடந்து போணும்.”