பதினாலாம் நம்பர்

சாயங்காலம் ஆறு மணி பத்து நிமிடம். மலைப்பாதை. இரண்டு பக்கமும் யூகலிப்டஸ் மரங்கள். பனி இறங்கிவிட்டதால் வேனின் முன்விளக்கு பத்தடிக்கு மேல் போகவில்லை. முன்னால் வண்டி இல்லை. பின்னாலும் இல்லை. வேனுக்குள் பயணிகள் பதினேழு பேர்.

பதினேழு பேர்... அப்படித்தான் ராமமூர்த்தி எண்ணியிருந்தார்.

இங்கே கரண்ட் வர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் நடுவில் வையுங்கள். கதவுப் பக்கம் இருப்பவர் உள்ளே நகர்ந்துகொள்ளலாம். நம் ஸ்ரீநாத்தின் சொந்தச் சித்தப்பாவுக்கு நடந்தது இது. எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பயல், இதைச் சொன்ன அன்று ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

சித்தப்பா ராமமூர்த்திக்கு ஐம்பத்து மூன்று வயது. மதுரையில் மஹால் தெருக்களில் ஒன்றில் வீடு. வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசலைத் தாண்டினால் தமிழ், இந்தி, இங்கிலீஷ். இருபத்திரண்டு வருடமாக டூரிஸ்ட் கைடு. ஒரே நாள் பயணம்தான் அவருடைய பிழைப்பு. விடியற்காலை மீனாட்சி கோயில், வழியில் திருமலை நாயக்கர் மஹால், அப்புறம் மலையேறிக் கொடைக்கானல் ஏரிகள், ராத்திரி பத்து மணிக்குள் அவரவர் லாட்ஜ் வாசலில் இறக்கிவிட வேண்டும்.

இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரைக்கூட அவர் தொலைத்ததில்லை. அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். காலையிலேயே ஆளுக்கொரு நம்பர் கொடுத்துவிடுவார். இறங்கும்போதும், வண்டி கிளம்பும் முன்னும் ஒன்றிலிருந்து ஆரம்பித்து அவரவர் நம்பரை அவரவர் உரக்கச் சொல்ல வேண்டும். கடைசி நம்பர் வந்தால் வண்டி நகரும்.

அன்றைக்கும் கிழக்குக் கோபுர வாசலில் வைத்து நம்பர் கொடுத்தார்.

"இதென்ன அண்ணே, ஜெயிலா? ஆளுக்கு ஒரு நம்பர் குத்துறீங்க?" என்றார் நாலாம் நம்பர். திருமங்கலம் பக்கத்து விவசாயி சோலை. மனைவி தங்கப்பொண்ணுவுக்கு ஐந்தாம் நம்பர்.

"ரேஷன் கார்டு மாதிரின்னு வச்சுக்கங்கண்ணே. உங்க நம்பரை வேற யாருக்கும் குடுத்துறாதீங்க. அப்புறம் உங்களுக்குப் பதிலா அவுகளைக் கூட்டிட்டுப் போயிருவேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். வருடக்கணக்காக அவர் சொல்லிவரும் ஜோக்.

பதிமூன்றும் பதினாலும் பரமக்குடியிலிருந்து வந்திருந்த அம்மாவும் மகளும். அம்மா தமிழ்ச்செல்வி, அங்கன்வாடி டீச்சர். கணவர் இல்லை. மகள் இசைவாணிக்குப் பதினோரு வயது. பரீட்சை முடிந்ததும் ஏரி காட்டுகிறேன் என்று அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். முதல் நாளே வந்து டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார்கள். பெண்ணின் காலில் புத்தம்புது ரோஸ் கலர் செருப்பு.

"பதினாலேய்...!"

அப்படித்தான் அவள் இழுத்துக் கத்துவாள். மஹால் வாசலில் கத்தினாள். வத்தலக்குண்டு டிபன் கடையில் கத்தினாள். அவள் கத்துவதைக் கேட்கவே மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

"மஹாலை வெளிய நின்னே காட்டிட்டீங்க, ஏரியிலயாவது கால் நனைக்க விடுவீங்களா அண்ணே?" என்று மலை ஏறும் வரைக்கும் சோலை வம்பிழுத்துக்கொண்டே வந்தார்.

கொடைக்கானலில் எல்லோரும் படகு விடுகிற பெரிய ஏரியைப் பார்த்தார்கள். சாப்பிட்டார்கள். அப்புறம் இன்னும் உள்ளே முக்கால் மணி நேரம் போனால் காட்டுக்குள் சின்னதாக இன்னொரு ஏரி. பேர் வேண்டாம். சொன்னால் நாளைக்கே கிளம்பிவிடுவீர்கள். கடை இல்லை, படகு இல்லை. ஒரு காவல் குடிசை, தண்ணீருக்குள் இறங்கிப் போகும் பழைய கல்படிகள், அவ்வளவுதான். தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடக்கும்.

தமிழ்ச்செல்விக்கு மலைப்பாதையில் தலை சுற்றி இரண்டு முறை வாந்தி. மாத்திரை போட்டுக்கொண்டு வேனிலேயே சாய்ந்துவிட்டாள். இசைவாணி அம்மாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு இறங்கி ஓடினாள்.

"சார், பாத்துக்கங்க சார்..." கண்ணை மூடிக்கொண்டே தமிழ்ச்செல்வி சொன்னாள்.

"நான் பாத்துக்கிறேம்மா. நீங்க தூங்குங்க."

இந்த இடத்தை மட்டும் ராமமூர்த்தி இன்றைக்கும் திரும்பத் திரும்பச் சொல்வாராம். நான் பாத்துக்கிறேம்மா என்றேன்... நான்தான் சொன்னேன்...

ஐந்தே முக்காலுக்குத் திடீரென்று மழை. எல்லோரும் வேனுக்கு ஓடி வந்தார்கள். ராமமூர்த்தி கதவருகே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகங்களைப் பார்க்கவில்லை. குடைக்குக் கீழே கால்கள்தான் தெரிந்தன. ஷூ. ரப்பர் செருப்பு. தங்கப்பொண்ணுவின் மெட்டி போட்ட கால். கடைசியாக, செருப்பில்லாத சின்னக் கால்கள் இரண்டு... படியில் ஏறின. செருப்பு சேற்றில் மாட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

வேனுக்குள் இருட்டு. மழைச் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று... நாலு என்றார் சோலை... பதிமூன்று என்றாள் தமிழ்ச்செல்வி, தூக்கக் கலக்கத்தில்.

அப்புறம்... ஒன்றும் இல்லை.

"பதினாலு?" என்றார் ராமமூர்த்தி.

மழை தகரத்தில் விழுகிற சத்தம்.

"யம்மாடி, பதினாலு?"

"பதினாலேய்...!"

அதே இழுப்பு. அதே குரல். சிரித்துக்கொண்டே மீதி மூன்று பேரும் நம்பரைச் சொன்னார்கள். டிரைவர் மருது வண்டியை எடுத்தான்.

பத்து நிமிடம் போயிருக்கும். மருது மூக்கைச் சுருக்கினான்.

"அண்ணே, வண்டிக்குள்ள என்ன கம்மாய் வாடை அடிக்குது?"

ராமமூர்த்திக்கும் அடித்தது. பாசி வாடை. வெகுநாள் கிடந்த தண்ணீரைக் கிளறினால் வருமே... அது.

"அம்புட்டுப் பேரும் நனைஞ்சுல்ல வந்திருக்காங்க. ஓட்டு மாப்ள."

வத்தலக்குண்டில் டீக்கு நிறுத்தினார்கள். தமிழ்ச்செல்வி இறங்கவில்லை. ராமமூர்த்தி ஜன்னல் வழியே டீயை நீட்டினார். கடையின் ட்யூப் லைட் வெளிச்சம் சாய்வாக உள்ளே விழுந்தது. அவள் மடியில் சால்வை மூடிய தலை ஒன்று. தலையை அவள் வருடிக்கொண்டிருந்தாள். சேலை முழங்கால் வரை நனைந்து, அதிலிருந்து சொட்டு... சொட்டு... என்று வேனின் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

"பிள்ளைக்குக் காய்ச்சலாம்மா?"

"இல்ல சார். ஐஸ் மாதிரி இருக்கா. இம்புட்டு கனம் எப்படி வந்துச்சுன்னு தெரியலை, தொடை மரத்துப் போச்சு."

வாடிப்பட்டி தாண்டியதும் அனல் காற்று. சித்திரை மாதம். ராத்திரி பத்து மணிக்கும் மதுரையில் சுவர்கள் சூடாகத்தான் இருந்தன. லாட்ஜ் வாசலில் தமிழ்ச்செல்வி இறங்கினாள். பெண் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முகத்தைச் சேலையில் புதைத்துக்கொண்டு நடந்தாள். லாட்ஜ் படிகளில் ஈரக் கால் தடம்.

"பாப்பா, டாட்டா சொல்லலையா?"

பெண் திரும்பவில்லை.

செருப்பு வேனில் கிடக்கும் என்று ராமமூர்த்தி சீட்டுக்கு அடியில் தடவிப் பார்த்தார். செருப்பு இல்லை. கையில் வழவழவென்று எதுவோ ஒட்டியது. கர்ச்சீப்பில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பத்தே முக்கால். மனைவி சூடாமணி தட்டு வைத்தாள். முதல் கவளத்தை எடுக்கும்போது போன் அடித்தது. ஏரிக் குடிசைக் காவல்காரர். பேர் பேயாண்டி. பேருக்கு நேர் எதிர், பயந்த மனிதர்.

"சார்... டவர் கிடைக்க ரெண்டு மைல் மேல ஏறி வந்திருக்கேன். உங்க பார்ட்டி பிள்ளை ஒண்ண விட்டுட்டுப் போயிட்டீங்க சார்."

"என் பார்ட்டி இல்லைங்க. எண்ணிப் பார்த்துட்டுத்தான் வந்தேன். பதினேழும் வந்தாச்சு."

"பிள்ளை சட்டைப் பையில உங்க கார்டு இருந்துச்சு சார். ரோஸ் செருப்பு போட்டிருக்கு. பரமக்குடிங்குது."

ராமமூர்த்தியின் கை தட்டிலேயே நின்றது.

"குடுங்க... பிள்ளைகிட்ட குடுங்க."

"சார்..." அழுது அழுது கம்மிப்போன குரல். "நான் ஒளிஞ்சு விளையாண்டேன் சார். படியில ஒரு பிள்ளை உக்காந்திருந்துச்சு. நீங்கள்லாம் என்ன கத்துறீங்கன்னு கேட்டுச்சு. எங்க நம்பர்னு சொன்னேன். உன் நம்பர் என்னன்னுச்சு, சொன்னேன். சால்வையைக் குடுன்னுச்சு, குடுத்தேன். கண்ணைப் பொத்திட்டு நூறு எண்ணச் சொல்லுச்சு... எண்ணி முடிச்சுட்டுப் பார்த்தா இருட்டாயிருச்சு சார். யாருமே இல்ல. எங்கம்மா எங்க சார்?"

ராமமூர்த்தி அந்தப் போனை இடது காதிலேயே வைத்துக்கொண்டார். சூடாமணியின் போனை வாங்கி, பயணிகள் லிஸ்டைப் பார்த்து எச்சில் கையாலேயே தமிழ்ச்செல்வியின் நம்பரைப் போட்டார்.

மூன்றாவது மணியில் எடுத்தாள். சின்னக் குரலில் பேசினாள்.

"சொல்லுங்க சார். பிள்ளை தூங்குறா."

"எங்கம்மா படுத்திருக்கா?"

"பக்கத்துலதான். கழுத்தைக் கட்டிக்கிட்டுப் படுத்திருக்கா. ஆனா சார்... தலைமுடி காயவே மாட்டேங்குது. ரெண்டு துண்டு மாத்திட்டேன். பிழியப் பிழியத் தண்ணி வருது..."

"அம்மா... நான் சொல்றதைக் கேளுங்க. லைட்டைப் போடாதீங்க. மெதுவா எந்திரிச்சு வெளிய வாங்க. கீழ வாங்க. நான் வாரேன்."

"ஏன் சார்? என்ன ஆச்சு?"

இடது காதில், மலையிலிருந்து, "அம்மா குரல் கேக்குது! அம்மா!" என்று ஒரு குழந்தை கத்தியது.

வலது காதில் தமிழ்ச்செல்வி மூச்சை நிறுத்துவது கேட்டது. அவளுக்கும் அது கேட்டுவிட்டது. அப்புறம் அவளுக்கு வெகு அருகில், போனுக்கு வெகு அருகில், தூக்கம் கலைந்த குரல் ஒன்று மெதுவாகச் சொன்னது...

"பதினாலேய்..."

லைன் கட்.

மஹால் தெருவிலிருந்து டவுன்ஹால் ரோட்டுக்கு அவர் எப்படி ஓடினார் என்பது அவருக்கே தெரியாது. அறைக் கதவு திறந்து கிடந்தது. தமிழ்ச்செல்வி கட்டிலின் ஓரத்தில், ஈரத் துண்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெத்தையில் ஒரு சின்ன உடம்பு அளவுக்குத் தண்ணீர் ஊறியிருந்தது. பாத்ரூம் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உள்ளே யாரோ தண்ணீரை மெதுவாக அளைகிற சத்தம்.

லாட்ஜ்காரர்கள் வந்து தாழை உடைத்தார்கள். யாரும் இல்லை. குழாய் மூடியிருந்தது. வாளியில் விளிம்பு வரை தண்ணீர். தண்ணீர் மேல் பச்சையாகப் பாசி.

மருது அப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு திரும்ப மலையேறினான். காலை ஒன்பது மணிக்கு இசைவாணியைக் கொண்டுவந்து சேர்த்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. தமிழ்ச்செல்வி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அழுதாள். முத்தம் கொடுத்தாள். பிறகு மகளின் தலையை வருடினாள்... விரல்கள் முடிக்குள் நின்றன.

"காஞ்சிருக்கே..." என்றாள். கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

ராமமூர்த்தி அத்துடன் நம்பர் கொடுப்பதை விட்டுவிட்டார். பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார், முகத்தைப் பார்த்துத்தான் ஏற்றுகிறார். ஆனால் தூக்கம் வரவில்லை. பிள்ளை நன்றாக இருக்கிறாளா என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்று, போன மாதம் பரமக்குடிக்கே போனார்.

தமிழ்ச்செல்வி காப்பி கொடுத்தாள். நன்றாகத்தான் பேசினாள். பிள்ளை ஏழாம் வகுப்பு போகிறாள் என்றாள். பேசிக்கொண்டே ராமமூர்த்தி கொல்லைப் பக்கம் பார்த்தார். மத்தியானம் பன்னிரண்டு மணி. மண்டையைப் பிளக்கிற வெயில். கொடியில் மூன்று துண்டுகள் தொங்கின. இரண்டு காய்ந்து விறைத்திருந்தன. மூன்றாவதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"கூட்டிட்டு வந்தது நாமதான சார்..." என்றாள். "பச்சைப் பிள்ளை. எங்கிட்டுப் போகும்?"

காப்பியைக் குடிக்காமலே எழுந்தார். இசைவாணி பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தாள். ரொம்ப மெலிந்திருந்தாள். பஸ் வருகிற சத்தம் கேட்டதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இப்பக் கீழதான் படுக்கிறேன் சார். அம்மா பக்கத்துல அதுதான் படுக்குது."

பஸ் வந்து நின்றது. ராமமூர்த்தி ஏறவில்லை.

"அம்மா அதைத்தான் பதினாலுன்னு கூப்பிடுது. அப்ப..." அவள் குரல் இறங்கியது. "என் நம்பர் என்ன சார்?"